‘சும்மா ஜோக்குக்குத்தான் போட்டேன்’: கொச்சைப் பதிவுகளில் சட்டம் எதைப் பார்க்கிறது?

2017 அக்டோபர் 23 அன்று திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் ஒரு குடும்பமே தீக்குளித்தது. அடுத்த சில நாட்களில் கார்ட்டூனிஸ்ட் பாலா ஒரு கேலிச்சித்திரம் வரைந்து முகநூலில் போட்டார். தரையில் குழந்தை எரிந்துகொண்டிருக்கிறது. சுற்றிலும் முதலமைச்சர், மாவட்ட ஆட்சியர், காவல் ஆணையர் ஆகியோர் உடம்பில் துணியில்லாமல், ரூபாய் நோட்டுகளால் மறைத்தபடி நிற்கிறார்கள். நவம்பர் 5-ம் தேதி பாலா கைதானார். 2021-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்த வழக்கை ரத்து செய்தது.

2018 ஏப்ரலில் நடிகரும் முன்னாள் சட்டமன்ற உறுப்பினருமான எஸ்.வி.சேகர், பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் ஒரு பதிவைத் தன் முகநூல் பக்கத்தில் பகிர்ந்தார். அது அவர் எழுதியதல்ல, வேறொருவர் எழுதியது. எதிர்ப்பு கிளம்பியதும் நீக்கிவிட்டு மன்னிப்பும் கேட்டார். ஆனாலும் 2024 பிப்ரவரியில் சென்னை சிறப்பு நீதிமன்றம் அவருக்கு ஒரு மாதச் சிறையும் 15,000 ரூபாய் அபராதமும் விதித்தது. 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

அம்மணப் படம் வரைந்தவர் மீதான வழக்கு நிற்கவில்லை, பிறர் எழுதியதைப் பகிர்ந்தவர் மீதான வழக்கு தண்டனையில் முடிந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் இது தலைகீழாகத் தெரியும். கெட்ட வார்த்தை இருக்கிறதா, அசிங்கமான படம் இருக்கிறதா என்றுதான் நாம் பார்க்கிறோம். சட்டமோ பெரும்பாலும் வேறு இரண்டைப் பார்க்கிறது: அடி யார் மேல் விழுகிறது, எதற்காக விழுகிறது.

முதலில் நான்கு சொற்கள்

செய்திகளில் ‘ஆபாசப் பதிவு’, ‘அவதூறுப் பதிவு’, ‘சர்ச்சைப் பதிவு’ என்று ஒன்றுக்குப் பதில் ஒன்றாக எழுதுகிறார்கள். குழப்பம் அங்கேயே தொடங்குகிறது. இவை தனித்தனி.

1. கொச்சை. நாகரிகமற்ற பேச்சு, வசைச்சொல். கேட்கக் கூசும். ஆனால் கூசுவது மட்டுமே குற்றமாகிவிடாது.

2. ஆபாசம். காம உணர்ச்சியைத் தூண்டும் நோக்கில் அமைந்தது, அல்லது பார்ப்பவர் மனத்தைக் கெடுக்கக்கூடியது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-வது பிரிவு இதற்கானது. முதல் முறைக்கு 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். வெளிப்படையான பாலியல் செயலைக் காட்டினால் 67ஏ, அதில் 5 ஆண்டு, 10 லட்சம்.

3. அவதூறு. ஒருவரைப் பற்றி ஒரு செய்தியைச் சொல்லி, அதனால் அவர் பெயரைக் கெடுப்பது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவு. ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லாமல், பளிச்சென்ற நல்ல தமிழில் அவதூறு செய்யலாம்.

4. இழிவு. ஒருவரைப் பெண் என்பதால், அவர் சாதியால், உடற்குறையால் அவமதிப்பது. ஒவ்வொன்றுக்கும் தனிச் சட்டமோ பிரிவோ உண்டு.

ஒரே பதிவில் நான்கும் இருக்கலாம், ஒன்றும் இல்லாமலும் போகலாம். எஸ்.வி.சேகர் வழக்கு ஆபாசத்துக்காக நடந்ததல்ல. பெண்களை இழிவுபடுத்தியதுதான் அங்கே குற்றச்சாட்டு.

ஆபாசத்தை அளக்கும் கோல் மாறிய கதை

1868-ல் இங்கிலாந்தில் ஹிக்லின் வழக்கில் ஒரு கோல் வகுத்தார்கள். எளிதில் கெட்டுப்போகக்கூடிய ஒருவர் கையில் இந்த எழுத்து கிடைத்தால் அவர் கெடுவாரா? கெடுவார் என்றால் ஆபாசம். மிகப் பலவீனமான வாசகரை வைத்து எல்லோருக்குமான எழுத்தை அளக்கும் முறை இது. 1964-ல் பம்பாய்ப் புத்தகக் கடைக்காரர் ரஞ்சித் உதேஷியின் வழக்கில் நம் உச்ச நீதிமன்றமும் ஏறக்குறைய இதையே கைக்கொண்டது.

2014-ல் அவீக் சர்க்கார் வழக்கில் இந்தக் கோல் கைவிடப்பட்டது. டென்னிஸ் வீரர் போரிஸ் பெக்கரும் அவர் மணக்கவிருந்த கறுப்பினப் பெண்ணும் ஆடையின்றி எடுத்துக்கொண்ட படத்தை, ஜெர்மன் இதழிலிருந்து எடுத்து இந்தியப் பத்திரிகைகள் வெளியிட்டிருந்தன. படத்தை அதனுடன் வந்த கட்டுரையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும், இன்றைய சமூகத்தின் சராசரி மனிதர் கண்ணால் பார்க்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். நிறவெறிக்கு எதிராகப் பேசிய படம் அது, ஆகவே ஆபாசமல்ல என்று முடிவானது.

2024 மார்ச் 19-ல் வந்த தீர்ப்புதான் இணையத்துக்கு மிக நெருக்கமானது. கல்லூரி மாணவர்களைப் பற்றிய ஓர் இணையத் தொடரில் பாத்திரங்கள் வரிக்கு வரி கெட்ட வார்த்தை பேசின. தயாரித்தவர்கள் மீதும் நடித்தவர்கள் மீதும் 67, 67ஏ பிரிவுகளில் வழக்கு. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அந்தச் சொற்களின் நேர்ப்பொருள் உடலுறவைக் குறிக்கலாம். பேசுகிறவர் காட்டுவது கோபம், எரிச்சல், உற்சாகம் போன்றவற்றைத்தான், கேட்பவருக்குக் காம உணர்ச்சி வருவதில்லை என்று விளக்கியது. நம் ஊர்த் தெருச்சண்டையில் வரும் வசைகளை நினைத்துப் பார்த்தால் இது உடனே விளங்கும். அந்தச் சொற்களை அகராதிப் பொருளில் அங்கே யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

தமிழுக்கு இது புதிதல்ல

சிரிப்பு எங்கிருந்து பிறக்கிறது என்பதைத் தொல்காப்பியம் நான்காகப் பிரித்தது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். எள்ளல்தான் முதலில் நிற்கிறது. உரைகாரர் பேராசிரியர் அதற்கு இரு முகம் காட்டுகிறார். நாம் பிறரை எள்ளிச் சிரிப்பது ஒன்று, பிறர் நம்மை எள்ளும்போது நாம் சிரிப்பது மற்றொன்று. சமூக வலைத்தளக் கொச்சை நகைச்சுவை ஏறக்குறைய முழுவதும் முதல் வகை.

அங்கதத்தையும் செம்பொருள் என்றும் கரந்தது என்றும் அந்நூலே பிரித்தது. நேரே திட்டுவது ஒன்று, மறைத்துத் திட்டுவது ஒன்று. காளமேகம் இரண்டிலும் கைதேர்ந்தவர்.

நன்னூல் சொல்லும் இடக்கரடக்கலையும் இங்கே சேர்க்க வேண்டும். ‘கால் கழுவி வந்தான்’ என்றால் என்ன செய்துவிட்டு வந்தான் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் வாக்கியத்தில் ஒரு அழுக்கும் இல்லை. சபையில் சொல்லக் கூடாததைச் சபைக்கு ஏற்றபடி சொல்ல உண்டான உத்தி இது. இன்றைய இரட்டை அர்த்த மீம் இதே உத்தியைத் திருப்பிப் போடுகிறது. சொல் சுத்தம், பொருள் அழுக்கு. இந்த விஷயம் பின்னால் புகார் கொடுக்கும்போது மறுபடி வரும்.

மூன்று வழக்குகள், ஒரே கேள்வி

பாலாவின் படத்தில் நிர்வாணம் இருந்தது. அந்த நிர்வாணத்தின் வேலை என்ன? அதிகாரத்தில் இருப்பவர்கள் கடமையில் அம்மணமாக நிற்கிறார்கள், மானத்தைப் பணத்தால் மறைக்கிறார்கள் என்று சொல்வது. அதைப் பார்த்து யாருக்கும் காமம் வராது, கோபம்தான் வரும். அதனால் 67-வது பிரிவு பொருந்தவில்லை.

இரண்டாவது சிறுமலை வழக்கு. குடும்பத்தோடு திண்டுக்கல் பக்கம் சிறுமலைக்குச் சுற்றுலா போன ஓர் அரசியல் கட்சிக்காரர், படங்களைப் போட்டு, துப்பாக்கிப் பயிற்சிக்குப் போவதாக விளையாட்டாக ஒரு வரி எழுதினார். வாடிப்பட்டி போலீஸ், அரசுக்கு எதிராகப் போர் தொடுக்க ஆயுதம் திரட்டும் குற்றப்பிரிவு வரை சேர்த்து வழக்குப் போட்டது. காவலில் வைக்க மாஜிஸ்திரேட் மறுத்துவிட்டார். 2021 டிசம்பரில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் வழக்கை ரத்து செய்தார். ஆயுதம் இல்லை, ஆள் இல்லை, திட்டம் இல்லை. படத்தில் இருப்பது குடும்பமும் மலையும். நகைச்சுவையாக இருப்பதற்கான உரிமை பேச்சுரிமைக்குள்ளேயே அடங்கும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

மூன்றாவது எஸ்.வி.சேகரின் வழக்கு. ஆளுநர் மாளிகைச் செய்தியாளர் சந்திப்பில் கேள்வி கேட்ட ஒரு பெண் பத்திரிகையாளரின் கன்னத்தை அப்போதைய ஆளுநர் தட்டினார். அந்தப் பத்திரிகையாளர் எதிர்ப்புத் தெரிவித்தார். அந்தப் பின்னணியில் வந்த பதிவு, அந்தத் துறையில் உள்ள பெண்கள் எல்லோருடைய நடத்தையையும் கொச்சைப்படுத்தியது. அங்கே அடி விழுந்தது அதிகாரத்தின் மேல் அல்ல, அதிகாரத்தைக் கேள்வி கேட்டவர்கள் மேல். அதுவும் அவர்கள் பெண்கள் என்ற ஒரே காரணத்துக்காக. முதல் இரண்டுக்கும் இதற்கும் உள்ள இடைவெளி இங்கேதான் இருக்கிறது. எனக்கு இது மிகச் சரியான கோடாகவே படுகிறது.

உடற்குறை பற்றிய கேலிக்கு உச்ச நீதிமன்றமே இப்படி ஒரு கோடு போட்டிருக்கிறது. 2024 ஜூலையில் ஒரு இந்திப் படம் தொடர்பான நிபுண் மல்ஹோத்ரா வழக்கில், உடற்குறையோடு வாழ்வதைப் புரியவைக்கும் நகைச்சுவை வேறு, அந்த மனிதர்களை மட்டம் தட்டும் நகைச்சுவை வேறு என்று பிரித்துச் சொன்னது.

எந்தக் கேலிக்கு எந்தப் பிரிவு

பிரிவு எண்களில் ஒரு பெரிய குழி இருக்கிறது. தமிழ்நாட்டில் முதல் தகவல் அறிக்கை படித்தவர்களுக்கு ‘294(பி)’ மனப்பாடம். பொது இடத்தில் ஆபாச வார்த்தை பேசியதற்கு, எந்த அடிதடி வழக்கிலும் அதை முதலில் எழுதிவிடுவார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 296. புதிய சட்டத்தின் 294 ஆபாசப் புத்தகம், படம், மின்னணு உள்ளடக்கம் ஆகியவற்றைப் பற்றியது. பழைய 292-ன் இடம். பழைய எண்ணை மனத்தில் வைத்துப் புகார் எழுதினால் சம்பந்தமே இல்லாத குற்றத்தைச் சொன்னதாகிவிடும்.

பெண்ணின் மாண்பை அவமதிக்கும் சொல், சைகை: பழைய 509, இப்போது 79. மூன்று ஆண்டு வரை.

பட்டியல் சாதி, பழங்குடியினரைப் பொதுப் பார்வையில் சாதியைச் சொல்லி அவமதித்தால் 1989-ம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 3(1)-ன் ஆர், எஸ் உட்பிரிவுகள். குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 5 ஆண்டு. முன்ஜாமீன் கிடைப்பது மிக அரிது. இணையத்தில் போட்டது ‘பொதுப் பார்வை’ ஆகுமா என்ற கேள்விக்கு, ஆகும் என்று 2022-ல் கேரள உயர் நீதிமன்றம் ஒரு யூடியூபர் வழக்கில் சொன்னது.

மாற்றுத்திறனாளியைப் பொதுப் பார்வையில் வேண்டுமென்றே அவமதித்தால் 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 92-வது பிரிவு. அதிலும் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை. இந்தப் பிரிவு இருப்பதே பல காவல் நிலையங்களில் நினைவில் இருப்பதில்லை. புகாரில் எண்ணோடு எழுதுவது நல்லது.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ என்று யாராவது சொன்னால், அந்தப் பிரிவு இப்போது இல்லை. ‘எரிச்சலூட்டும்’, ‘மிகவும் புண்படுத்தும்’ என்ற மங்கலான சொற்களை வைத்து ஆட்களைப் பிடித்துப்போட உதவிய பிரிவு அது. 2015 மார்ச் 24-ல் ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை முழுதாக ரத்து செய்தது. அதன் பிறகும் வழக்குகள் வந்துகொண்டிருந்ததால், 2022-ல் இனி அதில் யார் மீதும் வழக்கு நடத்தக் கூடாது என்று மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது.

பகிர்ந்தவர், தொகுத்தவர், அட்மின்

*பகிர்ந்தவர்.* 2023 ஜூலையில், வழக்கை ரத்து செய்யக் கோரிய சேகரின் மனுவைத் தள்ளுபடி செய்த நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், அனுப்பிய செய்தியை வில்லிலிருந்து புறப்பட்ட அம்புக்கு ஒப்பிட்டார். அனுப்பும் வரைதான் அது நம் கட்டுப்பாட்டில். அதன் விளைவுக்கு அனுப்பியவர் பொறுப்பு. படிக்காமல் பகிர்ந்துவிட்டேன் என்ற வாதம் உச்ச நீதிமன்றத்திலும் எடுபடவில்லை. லட்சக்கணக்கானோர் பின்தொடரும் ஒருவரின் ‘பகிர்’ பொத்தானுக்கு, முதலில் எழுதியவரின் கையைவிட வீச்சு அதிகம்.

*குழு அட்மின்.* இங்கே பயம்தான் அதிகம், சட்டம் அவ்வளவு கடுமையாக இல்லை. உறுப்பினர் போட்டதற்கு அட்மின் தானாகப் பொறுப்பாக மாட்டார் என்று 2021-ல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர்க் கிளையும், மதுரைக் கிளையும், 2022-ல் கேரள உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கின்றன. அட்மினே சேர்ந்து போட்டால், தூண்டிவிட்டால் கதை வேறு.

*தொகுப்புப் பக்கம் நடத்துபவர்.* பலர் எழுதிய கொச்சைப் பதிவுகளைத் திரைப்பிடிப்பு எடுத்து, தலைப்பு வைத்து, நாளுக்குப் பத்து என்று போடும் பக்கங்களை நடத்துபவர்கள் ‘நாங்கள் எழுதவில்லை, எடுத்துப்போட்டோம்’ என்பார்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-வது பிரிவு இடைத்தரகருக்கு, அதாவது பிறர் போடுவதைத் தாங்கிநிற்கும் தளத்துக்கு, பாதுகாப்புத் தருகிறது, உண்மை. ஆனால் உள்ளடக்கத்தைத் தானே தேர்ந்தெடுக்காத, மாற்றாத தளத்துக்குத்தான் அந்தப் பாதுகாப்பு. நூற்றில் ஒன்றைப் பொறுக்கி, வெட்டி, மேலே ஒரு வரி எழுதிப் போடுகிறவர் தேர்ந்தெடுத்து மாற்றியவர்தான்.

தொகுப்பதில் இன்னொரு தீங்கும் உண்டு. நாற்பது பேர் உள்ள நண்பர் குழுவில், ஆள் தெரிந்து சொன்ன கேலி, அந்தச் சூழலை இழந்து நாலு லட்சம் பேர் முன் போய் நிற்கிறது. சிரிப்பு அதே, ஆனால் மாட்டியவருக்கு அது வேறு.

பெயரை மறைத்துவிட்டோம் என்பதும் பெரும்பாலும் மறைப்பாக இருப்பதில்லை. நடைமுறையில் தவறுவது இங்கெல்லாம்:

1. போனில் உள்ள ஹைலைட்டர் பேனாவால் கறுப்படிப்பது. அந்த மை பாதி ஒளி ஊடுருவும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் அடியில் உள்ள பெயர் தெரிந்துவிடும். முழு நிறக் கட்டம் போட வேண்டும்.
2. பெயரை மட்டும் மறைத்து, வட்டத்துக்குள் இருக்கும் முகப்புப் படத்தை விட்டுவிடுவது.
3. பதிவின் வாசகத்தை அப்படியே விடுவது. அதில் ஒரு வரியைத் தேடுபெட்டியில் போட்டால் மூலப்பதிவு வந்து நிற்கும்.
4. கீழே பதில் எழுதியவர் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பதைக் கவனிக்காதது.

பாதிக்கப்பட்டவர் எந்த வரிசையில் செய்ய வேண்டும்

வரிசைதான் முக்கியம். பெரும்பாலோர் முதலில் பதிவின் பின்னூட்டத்தில் போய்ச் சண்டை போடுகிறார்கள். போட்டவர் பயந்து அழித்துவிடுகிறார், அதோடு சான்றும் போகிறது.

1. முதலில் சேமியுங்கள். பதிவு, தேதி, கணக்கின் பெயர், பின்னூட்டம் எல்லாம் தெரியும்படி வெட்டாத திரைப்பிடிப்பு. பிறகு அந்தக் குறிப்பிட்ட பதிவின் சுட்டி. பக்கத்தின் சுட்டி மட்டும் போதாது. கணக்கின் பெயரை ஒரு நிமிடத்தில் மாற்றிவிடலாம் என்பதால் பக்கத்தின் முகவரியில் எண் இருந்தால் அதையும் எழுதிவையுங்கள்.
2. வாட்ஸ்அப் என்றால் உரையாடலை ‘எக்ஸ்போர்ட்’ செய்து வையுங்கள். வந்த போனை மாற்றாதீர்கள், ஃபார்மேட் செய்யாதீர்கள்.
3. அடுத்து தளத்தில் புகார். வாட்ஸ்அப்பில் ‘ரிப்போர்ட்’ அழுத்தினால் அந்த உரையாடலின் கடைசி 5 செய்திகள் நிறுவனத்துக்குப் போகும். இழிவான செய்திக்குப் பிறகு இருபது செய்தி ஓடிவிட்டால் அது அதில் இருக்காது. அந்தச் செய்தியையே அழுத்திப்பிடித்துத் தனியாகப் புகார் செய்ய வேண்டும்.
4. தளத்தின் குறைதீர் அதிகாரி பதில் திருப்தியில்லை என்றால், 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். 2023-ல் தொடங்கியது. இணையத்திலேயே மனுச் செய்யலாம்.
5. குற்றம் என்று தோன்றினால் தேசிய சைபர் குற்றப் புகார்த் தளம், அல்லது மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையம். 1930 என்ற எண் பண மோசடிக்கானது.
6. நீதிமன்றம் வரை போகும் எண்ணம் இருந்தால் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-வது பிரிவுச் சான்றிதழ் தேவை, பழைய 65பி-யின் இடத்தில் வந்தது. அதில் கோப்பின் ‘ஹாஷ்’ மதிப்பு, அதாவது கோப்பின் கைரேகை போன்ற ஒரு குறியீடு, எழுத வேண்டும். படத்தை வாட்ஸ்அப்பில் ஒருவருக்கு அனுப்பித் திரும்ப வாங்கினால் அது சுருங்கிவிடும், ஹாஷ் மாறிவிடும். மூலக் கோப்பைத் தனியாக வையுங்கள்.

அவதூறு என்று மட்டும் எழுதிக்கொடுத்தால் காவல் நிலையம் நேரே வழக்குப் பதிய முடியாது. மாஜிஸ்திரேட்டிடம் தனிப் புகாராகத் தாக்கல் செய்ய வேண்டும். பாதிக்கப்பட்டவரை ஸ்டேஷனிலிருந்து திருப்பி அனுப்பும்போது இதை யாரும் விளக்கிச் சொல்வதில்லை, அவரும் நியாயம் இல்லை என்று நினைத்து ஓய்ந்துபோகிறார்.

தமிழ்ப் புகார்கள் ஏன் திரும்பி வருகின்றன

‘எங்கள் விதிகளை மீறவில்லை’ என்ற பதில் பலருக்கு வந்திருக்கும். தானியங்கி வடிகட்டி முதலில் சொற்களைத் தேடுகிறது. தமிழை ஆங்கில எழுத்தில் எழுதும்போது ஒரே வசைச்சொல்லுக்குப் பத்து எழுத்துக்கூட்டு வரும். நடுவே ஒரு புள்ளி, ஒரு நட்சத்திரம், ஓர் எண்ணைச் சொருகினால் பதினொன்றாவது. மேலே சொன்ன தலைகீழ் இடக்கரடக்கலில் தேடுவதற்கே சொல் இல்லை. படத்தில் ஒரு நகைச்சுவை நடிகரின் முகம், கீழே ‘தம்பி, தண்ணி பாய்ஞ்சிடுச்சா?’ என்ற வரி. எந்த ஊர்ப் பெண்ணின் படத்துக்குக் கீழே அது போடப்பட்டது என்று தெரிந்தால்தான் அது இழிவு என்று புரியும்.

ஆகவே புகாரில் ‘இது ஆபாசம்’ என்று ஒரு வரியில் நிறுத்தாமல், அந்தச் சொல்லுக்கு நம் ஊரில் என்ன பொருள், அது யாரைக் குறிக்கிறது, அவர் பொது மனிதரா தனி மனிதரா என்று மூன்று வாக்கியம் எழுதுங்கள். தனி மனிதருக்குத் தளங்கள் தரும் பாதுகாப்பு, அரசியல்வாதிக்கும் நடிகருக்கும் தருவதைவிடக் கூடுதல். சில வகைக் கேலிகளுக்குப் பாதிக்கப்பட்டவரே தன் கணக்கிலிருந்து புகார் செய்தால்தான் எடுப்பார்கள். நண்பர்கள் ஐம்பது பேர் புகார் செய்து பயனில்லாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

போட்டவர் இப்போது என்ன செய்யலாம்

உடனே நீக்குங்கள். நீக்கியது தண்டனையைக் குறைக்க உதவலாம், குற்றத்தை இல்லாமல் ஆக்காது. எங்கே போட்டீர்களோ அதே இடத்தில் மன்னிப்பை எழுதுங்கள், 24 மணி நேரத்தில் மறையும் ஸ்டேட்டஸில் அல்ல. பாதிக்கப்பட்டவரின் பெயரைச் சொல்லி, பழைய வாசகத்தைத் திரும்ப எழுதி மன்னிப்புக் கேட்காதீர்கள். அது மறுபடியும் போட்டதற்குச் சமம்.

வாட்ஸ்அப்பில் ‘எல்லோருக்கும் நீக்கு’ என்ற வசதி இரண்டு நாளுக்குச் சற்று மேல் வரை வேலை செய்யும். அது உங்கள் குழுவில் இருந்ததை மட்டுமே எடுக்கும். அதற்குள் அதை வேறு குழுவுக்குத் தள்ளிவிட்டவரின் நகல் அங்கேயே இருக்கும். ஐந்து கை மாறியபின் மேலே இரட்டை அம்புக்குறியோடு ‘பலமுறை பகிரப்பட்டது’ என்று வரும், அதை அழிக்க உங்களிடம் பொத்தான் கிடையாது.